கறுத்த முனை

"லைட்டு மங்குதுன்னா மங்குதுதான். நான் என்ன பொய்யா—"

"யாருங்க பொய்யின்னா? ஸ்டார்ட்டர் போயிருக்கும், மாத்திட்டா—"

"போன வாரம்தானே மாத்தினே?"

"கட்டினவளை நம்பாதீங்க. கடைக்காரன் ஸ்டார்ட்டரை நம்புங்க."

எங்கள் வீட்டுச் சண்டை இப்படித்தான் தொடங்கும், டாக்டரம்மா. மூன்று வருஷத்துக்கு முன்பே அவரை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டீர்கள். அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, சொல்கிறேன்.

ஒரு பெரிய அலுவலகத்தில் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தால் ஸ்டார்ட்டர். எரியவே இல்லையென்றால் டியூபைப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். முனை இரண்டும் கறுத்துவிட்டால் அதற்கு ஆயுசு அவ்வளவுதான். அவர் முதலில் சொன்ன அன்றே மூன்றையும் பார்த்தேன். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. பக்கத்தில் இருந்த தம்ளர்தான் அவர் கண்ணில் படாமல் கை பட்டு உருண்டது. என் மாமனாருக்குக் கண் போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வாரம் அவர் புதுப் பெட்டி வாங்கியிருந்தார். கட்டட வரைபடம் போடுகிறவர், வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது, விசா வர வேண்டியதுதான் பாக்கி. "நீ இங்கேயே நிம்மதியா இரு" என்றார். திரும்பி வரும் பேச்சே இல்லை.

கண்ணைக் காட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டார். அலுவலகத்தில் மங்கிப்போனதால் கழற்றிப் போட்ட டியூப் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கழற்றி, கறுத்த முனையைக் காட்டினேன். பழையபடி நல்லதை மாட்டியதும், "இப்ப தேவலை. நான்தான் பயந்துட்டேன்" என்று சிரித்தார். அப்படியே வருஷம் ஓடியது. அவர் போடும் கோடுகள் கோணலாயின. அந்த வெளிநாட்டு வேலை வேறு ஆளுக்குப் போனது. பெட்டி பரணுக்குப் போனது.

அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். பளீரென்ற வெளிச்சத்தில் அவர் சுவரைத் தடவித் தடவி நடப்பார். நான் மூச்சு விடாமல் எதிரே உட்கார்ந்திருப்பேன். சில நேரம் நேராக என் முகத்தைப் பார்ப்பார். அப்போது மட்டும் விளக்கை அணைத்துவிடுவேன்.

நேற்றுச் சாயங்காலமும், "டியூப் போயிடுச்சுங்க, எரியல" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கையை உயர்த்தித் துழாவி, டியூபை முழுக்கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிடித்தபடியே அவர் கேட்ட கேள்வியால்தான் இன்று கூட்டி வந்தேன்.

"சூடா இருக்கே. எத்தனை நாளா எரியுது?"