இடுப்புக் கணினி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் கண்ணயர்வது என் வழக்கம். அன்று தூக்கம் பிடிக்கவில்லை. என் பொருளைத் திருப்பித் தர மாப்பிள்ளை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அது என்ன பொருள் என்று உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. பறிமுதல் பட்டியலில் 'வயர் சுற்றிய பெல்ட், ஒன்று' என்று எழுதியிருக்கிறார்கள். அது கணினி. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் நானும் மாப்பிள்ளையும் ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்தது. என் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்ததெல்லாம் பிறகுதான். பேட்டரியோடு நான்கு கிலோ. இடது கண்ணுக்கு முன்னால் தபால்தலை அளவில் ஒரு திரை, வலது கைக்குள் அடங்கும் ஐந்து பொத்தான்கள். அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒருமுறை வங்கிக் காவலாளி என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். மாப்பிள்ளை வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

எங்கள் அறைச் சுவரில் வருங்காலத்தைப் பற்றிய பெரிய படம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் கார்கள், வெள்ளி உடுப்புப் போட்ட குடும்பம், ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெட்டி. எல்லோரும் தலை நிமிர்ந்து நடந்தார்கள். தேவையானது கண் முன்னால் வந்து நிற்கும்போது ஏன் குனிய வேண்டும்? இப்போது தெருவில் போகிறவர்களைப் பாருங்கள். கழுத்து ஒடிந்தவர்கள் மாதிரி போகிறார்கள்.

கம்பெனி எங்கள் வேலையை இரண்டே வருடத்தில் மூடிவிட்டது. மாப்பிள்ளை கைபேசி விற்கும் நிறுவனத்துக்குப் போய் மேலாளர் ஆனார். நான் இன்வெர்ட்டர் பழுது பார்த்தேன். பெல்ட்டை மட்டும் விடவில்லை. ஒரு பொத்தானைச் சரி செய்தால் இன்னொன்று மக்கர் பண்ணும். பேட்டரி உப்பிக்கொள்ளும். அந்தத் திரையை இப்போது யாரும் செய்வதில்லை. நான் எழுதிக் கேட்காத இடமில்லை. பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் என் வயதைக் கேட்டார்கள். "அதையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று சொல்லிவிட்டு மனைவி மகன் வீட்டுக்குப் போனாள். நல்ல பெண்மணி. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம் மாப்பிள்ளை வந்தார். "எங்க ஆண்டு விழாவுல இதை மேடையில காட்டணும் மச்சான். உங்க பேரைச் சொல்லித்தான் காட்டுவேன்" என்றார். பதினைந்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒரு கண்ணை மூடி, காலை அகட்டி, சுவரில் மோதுகிற மாதிரி நடந்தார். நான் நடப்பது போலவே நடந்தார். முந்நூறு பேர் சிரித்தார்கள். பெயரை எல்லாம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டைத் துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். திரையைத் தாங்கும் தண்டு இரண்டாக முறிந்திருந்தது.

"ஆளாளுக்கு மாட்டி போட்டோ எடுத்தாங்க, யாரு உடைச்சாங்கன்னு தெரியல. விடுங்க மச்சான். இது செய்யணும்னு நாம நினைச்சதையெல்லாம் இந்த வாட்ச்சே செய்யுது. விழுந்தா அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்." மணிக்கட்டைக் காட்டினார். "நாம கண்ட கனவு பலிச்சாச்சு. நீங்கதான் இன்னும் முழிக்கல."

நான் முறிந்த தண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கிளம்ப எழுந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியோடு சாய்ந்தார். மறுபடியும் நடித்துக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடிகாரம் அதிர்ந்தது. 'கீழே விழுந்துவிட்டீர்களா?' என்று கேட்டது. கீழே இரண்டு பதில்கள்: உதவி தேவை, நலமாக இருக்கிறேன். எதையும் தொடாவிட்டால் ஒரு நிமிடத்தில் அதுவே அழைத்துவிடும் என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். ஜன்னல் வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்கு அது கடைசிவரை கைகூடவே இல்லை.

'நலமாக இருக்கிறேன்' என்பதைத் தொட்டேன். அதிர்வு அடங்கிவிட்டது.

"மச்சான்" என்றார் அவர். கண் திறந்துதான் இருந்தது. நான்கு நிமிடம் கழித்து, இதயத் துடிப்பு சீராக இல்லையே என்று கடிகாரம் மறுபடி கேட்டது. மறுபடி தொட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, வயரைப் பற்றவைக்கச் சூடாக்கிக் கையில் எடுத்திருந்த சால்டரிங் அயர்னை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வர வேண்டியிருந்தது. கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை.

தண்டை ஒட்டி, வயரைச் சேர்த்து முடிக்க ஐந்து மணி ஆயிற்று. அதன் பிறகு தங்கைக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேண்ணே" என்று அழுதாள். ஆமாம்மா, இருந்தேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழுந்த நேரம், துடிப்பு நின்ற நேரம், நடுவே மூன்று பதில்கள் என்று கடிகாரத்திலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கிற தாள் சரியானதுதான். மூன்று முறையும் தொட்டது என் விரல். கையெழுத்துப் போடுகிறேன். போடுவதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாப்பிள்ளை மேல் என் கை படவே இல்லை. நான் தொட்டதெல்லாம் கடிகாரத்தைத்தான்.