மூன்றாவது டிரம்

இன்று காலையிலிருந்தே தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. பத்து வருடம் டிரம் உருட்டிய தோள். நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் சும்மா விடுமா? கொஞ்சம் சாய்ந்துகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

துப்புரவு ரசாயனம் செய்யும் ஆலை. டிரம் உருட்டுவதை விட்டபின், டிரம்களுக்கு லேபிள் அச்சடிக்கும் எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற கணினி நிரல் என் பொறுப்பு. சரக்குப் பட்டியலுக்குள் அது ஒரு பாதை பிடித்துப் போகும். எத்தனையாவது சரக்கு என்பது வெளியிலிருந்து ஒரு மதிப்பாக வரும். அதை எண்ணாக எடுத்துக்கொள் என்று பாதைக்குள் சொல்லியிருந்தால், மூன்று என்றதும் மூன்றாவதைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் அந்த மூன்று வெறும் எழுத்து. ஏதோ இருக்கிறது, போதும் என்று பாதை எல்லாச் சரக்கையும் அள்ளி வரும். அச்சில் விழுவது முதலாவதன் பெயர். பிழை என்று ஒரு முனகல்கூட வராது.

லேபிள்களைச் சரிபார்த்த ஆட்களை மேலாளர் நிறுத்தினார். முதல் லேபிளை மட்டும் பார்த்து அனுப்பச் சொன்னார். ஆபத்து என்றேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா. டிரம் உருட்டின ஆளுக்கு எதுக்கு இந்த விசாரமெல்லாம்?"

பானை முழுக்கச் சோறுதான் என்று அவருக்கு யார் சொன்னது? அதைத்தான் காட்டினேன். எண்ணாக்கும் அந்த ஒரு சொல்லைப் பாதையிலிருந்து அழித்தேன். முதல் டிரம்மில் சோப்புக் கரைசல், லேபிளும் அதுவே. மூன்றாவதில் அமிலம். அதிலும் சோப்புக் கரைசல் என்றே ஒட்டினார்கள்.

அந்த டிரம் எங்கள் கழுவும் கொட்டகைக்கே வந்தது. அங்கே வேலை என் தங்கை புருஷனுக்கு. நான் வாசலில் டீ குடித்தபடி நின்றேன்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நீ அடிச்ச லேபிள்தானே. இதுல தண்ணின்னு போட்டிருந்தா குடிச்சே பாத்துருவேன்" என்று சிரித்தபடி வெந்நீர்த் தொட்டியில் கவிழ்த்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால், ஒன்றும் ஆகவில்லையே என்று மேலாளர் மறுநாளே பழைய பாட்டைப் பாடியிருப்பார். காட்ட வந்ததை முழுசாகக் காட்ட வேண்டாமா?

இப்போது ஒவ்வொரு லேபிளையும் இரண்டு பேர் படிக்கிறார்கள். அது என்னால் வந்தது. எவன் முன்னாலும் தலை குனிய மாட்டேன். மேலாளரோடு என் கணக்குத் தீர்ந்தது. தங்கை புருஷனுக்குத்தான் இரண்டு கண் பாக்கி நிற்கிறது.