கையால் பார்த்த தூரக்கண்ணாடி

கழுத்து மாலை கலையாமல் தலைமை ஏற்றிருக்கும் சலவைச் சங்கத் தலைவர் அய்யாசாமி அவர்களே! காதர்பேட்டையில் துணியைத் தொட்டே தரம் சொல்லும் தரகர், பெரியவர் நாச்சிமுத்து அவர்களே! மாடியில் நின்று ஆற்றைக் காவல் காத்த மருதாசலம் அவர்களே! என் மகளோடு ஒரே திட்டில் துணி உலர்த்திய சின்னாத்தாளே! பெரியோர்களே, தாய்மார்களே! நான் பழனாயி. வணக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். பெயர் சொன்ன நால்வரும் அன்றும் இருந்தார்கள். அன்று இருந்த என் மகள் வேலாத்தாள் இன்று இல்லை.

புதுத் தூரக்கண்ணாடியை வாழ்த்திப் பேசு என்றார்கள். வாழ்த்தவா வந்தேன்? வழக்குச் சொல்ல வந்தேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டை மறந்தீர்களா? ஆற்றுக்குள் திட்டு, திட்டெல்லாம் வெளுத்த பனியன் துணி, துணிக்கு நடுவே நம் பெண்கள். மேற்கே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தடுப்பணை மேல் தண்ணீர் வழிவதைச் சங்க மாடியிலிருந்து கண்டு மணி அடித்தால் கரையேறிவிடலாம். அதற்காகச் சங்கம் ஒரு தூரக்கண்ணாடி வாங்கியது. பட்டாளத்து அதிகாரி வைத்திருந்தது, இரண்டு கண்ணிலும் வைத்துப் பார்க்கும் இரட்டைக் குழல், சீமைச் சரக்கு, தோல் உறை.

தரம் பார்க்க யாரை அழைத்தோம்? ஊர் மதிக்கும் கையை அழைத்தோம். நாச்சிமுத்து அண்ணன் பனியன் துணியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். கண்ணை மூடினார், கனம் பார்த்தார், தோலைத் தடவினார். முதல் தரம் என்றார். கைதட்டல் அக்கரை வரை கேட்டது. கண்ணால் பார்க்க வேண்டிய பொருளைக் கையால் பார்த்த ஊர் வேறு எங்காவது உண்டா?

பிறகு அய்யாசாமி அவர்கள், அப்போது செயலாளர், அதைக் கண்ணில் வைத்து, அதோ நிற்கிறதே, அந்த ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தார். எடுத்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி வைத்தார். "அண்ணன் சொன்னாச் சரிதானுங்க. பளிச்சுனு இருக்குதுங்க" என்றார். என் மகள் கை நீட்டி, தானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள். அவர் சிரித்தார்.

"உனக்கு எதுக்குக் கண்ணு? உன்னையப் பாக்கறதுக்குத்தானே இதை வாங்கியிருக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள், காய்ந்த துணியை மடிக்கும் பொழுது. அணைமேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மருதாசலத்துக்கு ஒன்று இரண்டாக, இரண்டும் மங்கலாகத் தெரிந்தது. அங்கே யாரோ உலர்த்திய துணி என்று எண்ணினார். துணி கிடக்கும், நுரை நகரும். அந்த வேறுபாட்டை அந்தக் கண்ணாடி காட்டவில்லை. மணி அடித்தபோது தண்ணீர் திட்டில் ஏறிவிட்டது. சின்னாத்தாள் கரை சேர்ந்தாள். என் மகளை மறுநாள் நாணல் புதரில் எடுத்தோம். அவள் வெளுத்த துணியே அவளைச் சுற்றியிருந்தது.

யாரம்மா அங்கே, அழாதீங்க என்பது? அழவில்லை, கண்ணு. பேச்சு இன்னும் முடியவில்லை.

அந்தக் கண்ணாடியைக் கோயம்புத்தூரில் பிரிக்கச் சொன்னேன். உசத்திச் சரக்குதான். ஆனால் எங்கோ விழுந்து, உள்ளிருக்கும் பட்டைக் கண்ணாடி இடம் மாறி, ஒன்றை இரண்டாகக் காட்டியது. சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது.

ஆகவே கேட்கிறேன். இந்தப் புதியதை யார் பார்த்தீர்கள்? உச்சி வெயிலில் எந்தக் கண்ணாடிதான் தெளிவாக இராது? பொழுது சாயட்டும். அந்தப் புகைபோக்கி இரண்டாகாமல் ஒன்றாகவே தெரிகிறதா? ஓரத்தில் நிறம் வழியாமல் இருக்கிறதா? நெடுநேரம் பார்த்தும் தலை நோகாமல் இருக்கிறதா? தலைவர் சொல்ல வேண்டாம், தரகர் சொல்ல வேண்டாம். திட்டில் நிற்கப்போகும் பெண் பார்த்துச் சொல்லட்டும்!

நாச்சிமுத்து அண்ணனை மன்னித்தேன். அவர் கண்ணில் அப்போதே புரை, கையை நம்பிப் பிழைத்தவர். மருதாசலத்தை மன்னித்தேன், மணிச்சத்தம் கேட்டால் இன்றும் அவர் ஆற்றுக்கு ஓடுகிறார். ஆனால் என் மகளின் காரியத்தன்று ஒருவர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அன்னைக்கே எனக்கு ரெண்டு புகைபோக்கி தெரிஞ்சுதுங்கக்கா. பெரியவர் சொன்ன பொறவு இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

மரியாதைக்காக அவர் மறைத்தார். மரியாதைக்காக நானும் இத்தனை ஆண்டு சபையில் சொல்லாமல் இருந்தேன். இன்று அந்த மரியாதையை ஆற்றில் விட்டேன்.

பேசவிட்டதற்கு நன்றி. தள்ளிவைத்த வணக்கம் இதோ: பெரியோர்களுக்கு வணக்கம். தாய்மார்களுக்கு வணக்கம். நாச்சிமுத்து அண்ணனுக்கும் மருதாசலத்துக்கும் சின்னாத்தாளுக்கும் வணக்கம். என் வணக்கம் சேராதவர் இந்த மேடையில் ஒருவரே. தலைவர் அய்யாசாமி.