நேரான கோடு

பந்தி போடும் முன் கூடத்தைக் கழுவிவிடுவார்கள் இல்லையா, என் வேலையும் அதுதான் சார். சமைக்கிறவன் வேறு, சாப்பிடுகிறவன் வேறு. நான் தரையைச் சுத்தம் செய்து கொடுக்கிறவன்; என் தரை கம்ப்யூட்டர் சர்வர். மன்னிக்க வேண்டும், நடந்துகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் பீமவரத்துக்காரர். இறால் ஆலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆலையிலும் அம்மோனியா வைத்துத்தான் குளிர்விக்கிறோம். ஒவ்வொரு கூடத்திலும் குளிரை அளக்க ஒரு கருவி, வாயுவை அளக்க ஒரு கருவி. வாயு கசிந்தால் சர்வரில் ஓடும் ஒரு சின்ன நிரல் சைரனை ஊதும். உரிக்கும் கூடத்தின் பின்கதவுப் பூட்டையும் விடுவிக்கும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கதவு பூட்டியே இருக்கும். குளிரும் போகக்கூடாது, சரக்கும் போகக்கூடாது.

அந்தச் சர்வரில்தான் புதிய தரவு மென்பொருளை நிறுவ முடிவானது. ஒவ்வொரு பெட்டியின் குளிரும் உரித்ததிலிருந்து கப்பலேறும் வரை விடாமல் பதிவாகியிருக்க வேண்டும் என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. திரையில் அது ஒரு பச்சைக் கோடாக ஓடும். மேலாளர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கோடு நேரா இருக்கணும் சோமராஜு."

அதுவரை ஓடிய பழைய பதிவில் அது நேராக இல்லை. ஏதாவது வால்வில் லேசாகக் கசிந்தாலும் சைரன் ஊதியது, பின்கதவு திறந்தது, வெயில் உள்ளே வந்தது, கோடு குன்றுபோல எழும்பியது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் இறால் உரிக்கும் பெண்கள் பின்கதவுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் ரப்பர் காலணிகளோடு நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எழுந்து நடப்பேன். சாப்பாடு இறங்காது.

உரிக்கும் கூடத்து மேஸ்திரி நூகரத்னம் ஜன்னல் வழியாகவே வம்புக்கு இழுப்பாள்.

"என்ன கம்ப்யூட்டர் பாபு, உங்க பிள்ளை மறுபடி அழுதிடுச்சா? பால் கொடுக்கலையா?"

"பொய்யா அழுவுது ரத்னம்மா. நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் ஓடுறீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. நாள் முழுக்க அந்த வாடையிலேயே கெடக்கோம், மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. சங்கு ஊதினா ஓடுவோம், ஊதாட்டி உரிப்போம். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

போகும்போது தான் போட்ட இறால் ஊறுகாயை ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். ருசியான கைப்பக்குவம். அதை நான் மறுக்கவே இல்லை.

சர்வரைத் தயார்செய்வதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பெயர் வைக்க வேண்டும், கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும், தேவையில்லாததை நிறுத்த வேண்டும். நினைவகம் போதாதபோது கொஞ்சத்தை வட்டில் இறக்கி வைத்துச் சமாளிக்க ஒரு வசதி உண்டு. வேகம் குறையும் என்பதால் அதையும் அணைத்துவிடச் சொல்வார்கள். அணைத்தேன். மென்பொருளை நிறுவ வேண்டிய ஹைதராபாத் பையன் அஷ்ஃபாக் போனில் கேட்டான்.

"தனி சர்வர்தானே அண்ணா? வேற எதுவும் ஓடலையே?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

"பின்னாடி நினைவகம் பத்தலைன்னு என் தலையில கட்டிடாதீங்க."

"கட்டமாட்டேன்."

இயங்குதளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு சார். நினைவகம் தீர்ந்துவிட்டால், எல்லாமே திணறி நிற்பதைவிட ஒன்றைக் கொன்று மற்றதைக் காப்பாற்றும். எதை முதலில் கொல்லலாம் என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். தரவு மென்பொருளைத் தொடவே கூடாது என்று எழுதினேன். சைரன் நிரலை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஏதாவது ஒன்று முதலில் இருந்துதானே ஆக வேண்டும்.

நினைவகம் எப்போது தீரும் என்று கேட்கிறீர்கள். அளவுகள் வேகமாக மாறும்போது கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தகவலைக் கொட்டும். அதாவது, பெரிய கசிவு ஏற்படும்போது. ஆமாம், தெரியும். போகிப் பண்டிகையன்று ஆலையில் ஆள் இல்லை, எல்லோரும் கோழிச் சண்டைக்குப் போயிருந்தார்கள். பொய்யான அளவுகளை அனுப்பிச் சோதித்தேன். சைரன் நிரல் செத்தது; பச்சைக் கோடு அசையவில்லை. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் கப்பலுக்குப் போக வேண்டிய பெரிய சரக்கு உள்ளே இருந்தது. உரிக்கும் கூடத்தின் முன்வாசல் நடையில் அம்மோனியாக் குழாய் வெடித்தது; அந்தப் பக்கமாக யாரும் வெளியே வர முடியாது. வாயு அளவு ஏறுவதைத் திரையில் பார்த்தேன். சைரன் நிரல் கொல்லப்பட்டது என்ற செய்தியும் வந்தது. முடிவெடுத்தது இயங்குதளம், நான் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நிரலை மறுபடி எழுப்ப ஒரே ஒரு வரி போதும். தட்டச்சு செய்தேன். விரலை விசையின் மேல் வைத்தேன். அழுத்தினால் பின்கதவு திறக்கும். எழுந்து ஜன்னல்வரை நடந்தேன். பாதாம் மரத்தடியில் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். இப்படிப் பலமுறை. உள்ளேயிருந்து யாரோ பின்கதவைத் தட்டுவது கேட்டது. பிறகு பலர் தட்டினார்கள். நூகரத்னத்தின் குரலும் அதில் இருந்தது. "பாபு, பாபு" என்று கூப்பிட்டாள். நான்தான் அந்தக் கதவுக்குப் பொறுப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்போல. எழுதி வைத்த வரியை அழித்தேன்.

பிறகு தட்டுவது நின்றது. எனக்குக் கால் ஆடுவதும் நின்றது. அதை நானே அப்போதுதான் கவனித்தேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். அந்தப் பெண்களின் மேல் எனக்கு என்ன பகை சார்? அந்த ஊறுகாய் டப்பா இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஒருவரையும் வெறுத்து எதையும் செய்யவில்லை. வேலையைச் சரியாகச் செய்தேனா என்று மட்டும் பாருங்கள். அன்றைய பதிவை எடுத்துப் பாருங்கள். கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. கோடு கடைசிவரை நேராகவே போயிருக்கிறது.