சிகரெட் இல்ல சார், ரப்பர் இருக்கு

இல்லன்னா இல்லதான் சார்! பாக்கெட்டும் கெடையாது, ஒத்தையும் கெடையாது. அந்த அலமாரிய எட்டி எட்டிப் பாக்காதீங்க, அதுல இப்ப ரப்பர், பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ்தான். வேணும்னா ஒரு ஸ்கேல் தரேன், வாயில வச்சுக்கங்க... சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. மழை விடட்டும், உள்ள வந்து நில்லுங்க.

எல்லாம் ஜீப்புல வந்த அந்தச் சுகாதார அதிகாரியம்மா பண்ண வேல. ஸ்கூல் கேட்டுல ஒருத்தனை டேப்போட ஒரு முனையப் பிடிக்கச் சொல்லிட்டு, இன்னொரு முனைய இழுத்துக்கிட்டு நேரா என் கடைக்கு நடந்து வருது. டேப்பு தீரல சார், கடை வந்துடுச்சு! "ஸ்கூலுக்கு இவ்ளோ பக்கத்துலயா சிகரெட் விக்கறீங்க?"ங்குது. ஸ்கூலை நானா இங்க கூட்டிட்டு வந்தேன்? எங்கப்பா காலத்துக் கடை இது! யார் கேக்கறா... சரக்கு மொத்தத்தையும் மூட்டை கட்டி ஜீப்புல ஏத்திடுச்சு.

அதுக்காக நான் புள்ளைங்களுக்கு வித்தேன்னு நெனைக்காதீங்க. யூனிஃபார்ம்ல வந்தா ஒரு தீக்குச்சி குடுக்கமாட்டேன். சட்டைய மாத்திட்டு வந்து, "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு"ன்னா... அது வேற சார். நான் வீடு வீடா போய் அப்பாவைத் தேடவா முடியும்? சரி விடுங்க.

இதெல்லாம் ஆரம்பிச்சதே எம் பொண்ணாலதான். ஒம்பதாவது. இதே ஸ்கூல்தான். எங்க வீட்டுக்காரி தொவைக்கறதுக்கு அவ ஸ்கூல் பைய எடுத்து உதறினா, உள்ளேர்ந்து விழுது பாருங்க, புதினா வாசனை சிகரெட்டு! மிட்டாய் டப்பா கணக்கா பச்சையா இருக்கு. "எங்கடி வாங்கின?"ன்னு கத்தினேன். அவங்கம்மா தலையத் தடவிக் கேட்டப்புறம்தான், "தெருக்கோடியில, கூலிங்கிளாஸ் மாமா கடையில"ங்கறா. நெழல்ல உக்காந்தாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான், அவன்தான். "நம்ம கடையில எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்லப்பா"ன்னு வெளக்கம் வேற!

செருப்புகூட மாட்டல சார். ஒரே ஓட்டமாப் போய் அவன் சட்டையப் பிடிச்சேன். "பச்சப் புள்ளைக்கு விக்கறியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

அவன் கண்ணாடியக் கழட்டினான். நிதானமா கேட்டான்... "எம் பையன் யார்கிட்டண்ணே வாங்கறான்? அப்பா கேட்டாருன்னு சொல்லித்தான் உங்ககிட்ட வாங்கியிருக்கான். நான் விக்கறதோட சரி, வாயில வச்சதே கெடையாது."

சட்டைய விட்டுட்டேன். பட்டன் ஒண்ணு கையோட வந்துடுச்சு. அதைத் திருப்பிக் குடுக்கறதா, கீழ போடறதான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கறேன்.

அப்புறம் அவன் கடை வாசல்லயே ரெண்டு பேரும் உக்காந்தோம். அவன்தான் கேட்டான், "இனிமே விக்கமாட்டோம்னு இப்ப சொல்லிக்கலாம்ணே. நாளைக்கு ஒருத்தன் வந்து நின்னா?"

"குடுத்துடுவோம்"னேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா சார்?

என்ன? அதிகாரிங்களுக்கு யார் சொன்னாங்களா? நான்தான்! அவன் போன்ல நம்பரைப் போட்டுக் குடுத்தான், நான் பேசினேன். "ஸ்கூல் பக்கத்துல ரெண்டு கடையில விக்கறாங்க, வந்து பாருங்க"ன்னு ரெண்டுக்கும் அடையாளம் சொன்னேன்.

ஆனா இந்த நாட்டுல ஒரு புகார் குடுத்தா மறுநாளே வருவாங்கன்னு எவனுக்குத் தெரியும்? குழாய் ஒடஞ்சு தெருவே மெதக்குதுன்னு கத்தினேனே, ஒருத்தன் எட்டிப் பாத்தானா? இதுக்கு மட்டும் விடிஞ்சதும் ஜீப்பு! ஒரு வாரம் இழுத்தடிச்சிருந்தா இருந்த சரக்கையாவது மொத்த யாவாரிகிட்ட தள்ளிவிட்டிருப்பேன். அதுதான் சார் வயித்தெரிச்சல்!

பொண்ணா? மொகங்குடுத்தே பேசாம இருந்தா. நேத்து சாயங்காலம் தானா வந்து, இந்த ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினா. கடை சாத்தற வரைக்கும் உக்காந்திருந்தா சார்...

அட, எங்க கெளம்பிட்டீங்க? நனைஞ்சுடுவீங்க! சார்... தெருக்கோடிக்கா ஓடறீங்க? அவன்கிட்டயும் இல்ல சார்ர்ர்!