மீனாக்ஷியின் கட்டைவிரலுக்கு நான் போட்ட சாட்சி

பெயர்: செல்வலட்சுமி. தந்தை: காலஞ்சென்ற சுப்புராஜ். வயது: 36. வேலை: மாற்றுத்திறனாளிகள் பகல்நேர மையம் ஒன்றில் பயனாளர் தொடர்பு அலுவலர். முகவரி: பஜார் ரோட்டுக்குப் பின்புறம், மட்டாஞ்சேரி, கொச்சி. நீதித்துறை நடுவர் முன்னிலையில் 2025 நவம்பர் 19 அன்று காலை பதினொரு மணிக்குச் சொன்னது:

நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படக்கூடும் என்று நடுவர் அவர்கள் எச்சரித்தார். புரிந்தது என்றேன். எனக்குத் தமிழைவிட மலையாளம் நன்றாக எழுத வரும். ஆனாலும் தமிழிலேயே பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன். புகார் கொடுத்திருக்கும் பேச்சியம்மாளுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், நடுவில் ஒருவர் அர்த்தம் சொல்லத் தேவையில்லாமல் அவருக்கு நேராகப் புரிய வேண்டும்.

நான் அந்த மையத்தில் ஒன்பது வருடங்களாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் குடும்பத்தாரிடம் பேசி, நம்பிக்கையைப் பெற்று, உள்ளேயே கிடப்பவர்களை மையத்துக்கு வரவைப்பது என் வேலை. அவர்களை க்ளையன்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அலுவலகத்தின் உத்தரவு. எனக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை. மையத்தின் மேலாளர் ஸுப்ரியா எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். என் அப்பா இறந்தபோது பதினாறு நாளும் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியவர். அவரை நான் அக்கா முறையில் சேச்சி என்று கூப்பிட்டு வந்தேன்.

பேச்சியம்மாள் சுக்குக் கிடங்கில் புடைக்கும் வேலை செய்பவர். அவருடைய ஒரே மகள் மீனாக்ஷிக்கு இருபத்தொன்பது வயது. பேச்சு வராது, அறிவு வளர்ச்சியும் குறைவு. எட்டு மாதம் நான் அந்த வீட்டுக்கு நடந்தேன். ஏழாவது மாதம்தான் பேச்சியம்மாள், வேலைக்குப் போகும்போது மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதாக என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தெருவில் யாருக்கும் தெரியாது என்றார். நான் அதை மீனாக்ஷியின் கோப்பில் எழுதினேன். எழுதுவது எங்கள் வழக்கம்.

அதன் பிறகு மீனாக்ஷி மையத்துக்கு வந்தாள். முதல் வாரம் வாசலைத் தாண்டவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வருகைப் பதிவேட்டில் தினமும் கட்டைவிரல் வைப்பார்கள். அந்த நீல மை டப்பாவை வாசலுக்கே கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். விரலை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அன்று முதல் மை வைக்கத்தான் அவள் மையத்துக்கு வந்தாள். வீட்டில் அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் மையத்துக்குப் போகலாம் என்று அர்த்தம். 'மை டப்பாவைக் கண்டால் எந்தத் தாளிலும் மகிழ்ச்சியாக விரல் வைப்பார்' என்று கோப்பில் எழுதியதும் நான்தான். ஸுப்ரியா அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டி என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் அமைப்புக்குக் கும்பளங்கியில் ஒரு தங்கும் விடுதி உண்டு. இருபது பேர் இருந்தால்தான் அதன் பதிவு புதுப்பிக்கப்படும். பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒருவரை விடுதிக்கு அனுப்ப வேண்டுமானால், மூன்று வெவ்வேறு நாட்களில் குடும்பத்தாரை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கிச் சொல்லி, மூன்று முறையும் சம்மதம் தெரிந்த பிறகே படிவத்தில் விரல் வாங்க வேண்டும். விளக்கியவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

நவம்பர் 6ஆம் தேதி, அடுத்த வாரம் முழுவதும் எனக்கு இடப்பள்ளியில் முகாம் வேலை என்று ஸுப்ரியா சொன்னார். அதன் பிறகு ஆறு வெற்றுப் படிவங்களை மேசையில் வைத்தார்.

"நீ ஃபீல்டிலேர்ந்து வரதுக்குள்ளே நேரம் ஆயிடும். சாட்சி எடத்துல ஒப்பு மட்டும் இட்டு வெச்சுட்டுப் போ, செல்வி" என்றார்.

ஆறிலும் கையெழுத்துப் போட்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை. முன்பும் இப்படிப் போட்டிருக்கிறேன். எங்கள் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

10ஆம் தேதி திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பேச்சியம்மாள் மகளைக் கூட்டிப்போக வந்தார். மீனாக்ஷி கும்பளங்கிக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொல்ல, பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தார். நான் ஆறரைக்கு மையத்துக்கு வந்தேன். ஸுப்ரியா எங்கள் இருவர் முன்னாலும் ஒரு படிவத்தை வைத்தார். மீனாக்ஷியின் நீல ரேகையும், பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தன. மூன்று தேதிகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு நாள் எனக்கு லீவு.

"செல்வி மூணு தரம் சொல்லிப் புரிய வெச்சிருக்கா. மீனாக்ஷியே சம்மதிச்சுத்தான் போயிருக்கா" என்று ஸுப்ரியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் குனிந்து அந்தத் தேதிகளை மறுபடி படித்தேன்.

பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவர் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இது உன் ஒப்பா தாயி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"உன்ன நம்பித்தான தாயி கதவத் தொறந்தேன்" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் அவருக்கு முன்பே கும்பளங்கிக்குப் போனேன். பழகும்வரை ஒரு மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்று கேட்டிலேயே நிறுத்தினார்கள். மீனாக்ஷி ஜன்னலில் இருந்தாள். என்னைக் கண்டதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் திரும்பி நடந்த பிறகும் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை ஸுப்ரியா என்னை அழைத்து, விளக்கிச் சொன்னதாக நான் ஒப்புக்கொண்டால் எனக்கு ஒரு கெடுதலும் வராது என்றார். மறுத்தேன். அதன் பிறகு, பேச்சியம்மாளின் புகாருக்கு மையம் போலீஸிடம் கொடுத்த பதிலில், தாயால் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணை மீட்டதாக எழுதி, ஆதாரமாக என் கோப்புக் குறிப்பை இணைத்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு சொன்னதை அவர்கள் எட்டுப் பக்க நகலாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் செய்த துரோகத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான். அவர்கள் கையில் அதைக் கொடுத்தது நான்.

பேச்சியம்மாளின் புகாரில் முதல் பெயர் என்னுடையது. அது சரிதான், எடுக்க வேண்டாம். நான் மீனாக்ஷிக்கு ஒரு முறைகூட விளக்கவில்லை. அவள் சம்மதித்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் படிவம் பொய். அதை வைத்து அவளை இன்னும் ஒரு நாள்கூட அங்கே நிறுத்தி வைக்கக் கூடாது, தாயிடம் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது எனக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. தாளின் அடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அதைக் குறுக்கே கோடு போட்டு அடிக்கும்படி கேட்டேன். என் கண் முன்னால் அடித்த பிறகு கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) செல்வலட்சுமி