ஜன்னல் சாத்திய கடை

எங்கள் முடி அலங்காரக் கடைக்கு வந்த யாரையும் நான் காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை, ஐயா. எங்கள் ஊர் ஃபெயிரா தெ சந்தானாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டோனா ஒடீலியா கடையில் சீப்பு சுத்தமாக இருக்கும், சுருட்டை முடி மூன்று மாதம் நேராக நிற்கும். காலமான என் கணவர் அடெமார் நாற்பது ஆண்டு கட்டிக் காத்த பெயர் அது.

அந்தப் பெயரில் பாதி ஃபார்மலினால் வந்தது. முடி நேராக்கும் களிம்பு கெடாமலிருக்க அதில் ஒரு துளி இருக்கலாம் என்பது சட்டம். நாங்கள் கரண்டியால் ஊற்றினோம். பிணம் பதப்படுத்தும் வேலையிலிருந்த என் கொழுந்தனார் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். சூடான இடுக்கியால் முடியை இழுக்கும்போது புகை கிளம்பும், கண் எரியும். எரிந்தால்தான் களிம்பு வேலை செய்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை.

ஒருமுறை அளவைக் குறைத்துப் பார்த்தேன். வாடிக்கைக்காரி இவோனெச்சி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "கண்ணே கலங்கல, டோனா ஒடீலியா. களிம்பா, கஞ்சியா?" அந்த வாரமே நான்கு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். மறுபடி பழைய அளவுக்கு வந்தேன்.

என் மகன் வால்தெசிர் கட்டிய பெண் ஜசீரா. கடையில் என்னோடு வேலை செய்தாள், நல்ல கைத்திறமை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. தன் சுருட்டை முடியில் மட்டும் இடுக்கியைப் படவிட மாட்டாள். ஒருநாள் களிம்பு டப்பாவோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதுல எழுதியிருக்கறதை ஒண்ணு விடாம படிச்சேன், அத்தை. இப்படி எரியற சாமான் எதுவும் இல்லையே. நீங்க ஏதாவது கலக்கறீங்களா?"

"நேத்து வந்தவ. எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா?"

"மூச்சு அடைக்குது அத்தை. ஃபார்மலினா இருந்தா சொல்லிடுங்க, நான் வேற வேலை பாத்துக்கறேன். இல்லேன்னா மாமா படத்தைத் தொட்டுச் சொல்லுங்க."

மருமகள் வேறு கடையில் வேலைக்கு நின்றால் ஊர் காரணம் கேட்கும். நான் அடெமாரின் படத்தைத் தொட்டேன். லாவெண்டர் எண்ணெய் மட்டும்தான் சேர்க்கிறேன் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பு இன்னும் என் தோளில் இருக்கிறது, ஐயா.

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி. மறுநாள் புனித யோவான் திருவிழா. ஆட்டத்துக்குப் போகும் பெண்கள் பதினோரு பேர் காத்திருந்தார்கள். வெளியே மழை. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று ஜசீரா இரண்டு முறை கேட்டாள். சாரல் பட்டால் முடி சுருண்டுவிடும் என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் ஜன்னலைச் சாத்தி வைத்தது, அந்த நெடி தெருவுக்குப் போகக்கூடாது என்பதற்காக.

ஒன்பதாவது தலையில் இடுக்கியைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் கேட்டார். "அம்மா, இவங்க எதையாவது சுவாசிச்சாங்களா? தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மாதிரி பாக்க முடியும்."

வால்தெசிர் என் பக்கத்தில் நின்றிருந்தான்.

"லாவெண்டர் எண்ணெய்தான், டாக்டர். அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே நெஞ்சு பலவீனம்," என்றேன்.

டாக்டர் இன்னொரு முறையும் கேட்டார். நானும் அதையே இன்னொரு முறை சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து ஜசீரா போய்விட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். அது நிஜமா என்று தெரியாமலேயே நான் சாகட்டும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள், ஐயா.

உடலைக் கடையில்தான் கிடத்தினோம். எங்கள் வீட்டு மருமகள் கலைந்த சுருட்டைத் தலையோடு ஊரார் முன் கிடக்கக் கூடாது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினேன். களிம்பைக் கலந்து, அவள் முடியை என் கையாலேயே நேராக்கினேன். நன்றாக வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அன்றைக்கு மட்டும், ஐயா, தொடங்கும் முன் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். உள்ளே மூச்சு விட நான் ஒருத்திதான் இருந்தேன்.